அத்திம்பேரின் அம்பாசிடரும் ஆர்.சி. புத்தகமும்

ஒரு காருக்கு அடையாளம் இரண்டே இரண்டு நம்பர்தான் என்பது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் நான் கிளார்க்காகக் குப்பை கொட்டிய வருஷங்களில் தெரிந்துகொண்டது. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர். பிளேட்டில் எழுதியிருப்பது சர்க்கார் பிற்பாடு வைத்த பெயர். இவை இரண்டும் கூடப் பிறந்த மச்சம். பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் ‘இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்’ என்று எழுதுவார்களே, அந்த மாதிரி. சேசிஸ் நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதற்குப் பென்சில் பிரின்ட் என்று பெயர். அந்தச் சீட்டுகளை எத்தனை ஃபைலில் ஒட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அப்படியானால் எஞ்சினை மாற்றிவிட்டால்? அதே காரா, வேறு காரா? என் அத்திம்பேரின் புண்ணியத்தில் இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் ஒன்றரை வருஷம் ஓடியது.

அத்திம்பேருக்கு 79 வயது. திருவெறும்பூர் பெல் பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் வீடு. கொல்லையில் ஒரு தகர ஷெட். அதற்குள் அவருடைய அப்பா வாங்கிய 1966-ஆம் வருஷத்து அம்பாசிடர் மார்க் 2. ஹீட் ஆகி பிளாக் விரிசல் விட்டதிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் செங்கல் மேல் நின்றது. அணில் கூடு கட்டியிருந்தது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் சொன்னபோதெல்லாம் அக்காதான் தடுத்தாள். காரணம் உண்டு. 1969-இல் காரைக்காலில் கல்யாணம் முடிந்து அக்கா புக்ககம் வந்தது இந்தக் காரில்தான். 1976-இல் திறந்த இன்றைய காவிரிப் பாலம் அப்போது கிடையாது. பழைய பாலத்தின் மேல் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தோம். பதினெட்டு வயதுப் பையனான நான் முன் சீட்டில் சீர்ப் பாத்திரங்களோடு நசுங்கிக்கொண்டு வந்தேன்.

கொரோனா அடங்கின பிறகு அக்கா ஒரு நாள் சொன்னாள்: “ஒரு தடவை இந்தக் கார்லயே காரைக்கால் போயிட்டு வந்துடணும். அம்மையார் கோயில், நம்ம பழைய தெரு, அவ்வளவுதான்.” அவளுக்கு முழங்கால் வலி. இப்போது வரும் கார்களில் பள்ளத்தில் இறங்குவதுபோல உட்கார வேண்டியிருக்கிறது. அம்பாசிடரில் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம். அத்திம்பேர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஷெட்டிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டது.

தகர வேலை, பெயின்ட், சீட் தையல் எல்லாம் ஆள் வைத்து நடந்தன. அவற்றில் சொல்ல விசேஷம் இல்லை. எஞ்சின்தான் விஷயம்.

அந்த வண்டியில் இருந்தது பி.எம்.சி. வடிவமைப்பில் வந்த 1489 சிசி எஞ்சின். நாலு சிலிண்டர், போர் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9. சாது. ஹாண்டில் போட்டுச் சுற்றினால் கிளம்பும். ஆனால் பிளாக்கின் வெளிச்சுவரில், தண்ணீர் ஓடும் அறைப் பக்கம், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். சிலிண்டர்களை ஏற்கெனவே பல முறை கடைந்து பெரிதாக்கியிருந்ததால் இனிமேல் லைனர் போட்டால்தான் உண்டு. அத்திம்பேர் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, காயலான் கடைக்குப் போகவிருந்த பிற்கால அம்பாசிடர் ஒன்றிலிருந்து 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினையும், அதனோடு வந்த ஐந்து கியர் பெட்டியையும் வாங்கி வந்தார்.

எஞ்சின் மாற்றுவது என்றால் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, இறக்கி, அளந்து, மறுபடி தூக்கி, இப்படியே இரண்டு மாதம் போனது. எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா? விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடம் இருக்கிறதா? எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுகளை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு இரும்புத் தகட்டில் செய்தார். கியர் பெட்டியின் நீளம் வேறு என்பதால் புரொப்பெல்லர் ஷாப்டையும் அளவு மாற்ற வேண்டும். அதை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி உதற ஆரம்பித்துவிடும். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் தண்டு போய், தரையில் ஓட்டை போட்டு அங்கிருந்து ஒரு தண்டு வந்தது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. முக்கியமானது பிரேக். நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக் வைத்த வண்டியில் பலமான எஞ்சினை வைப்பவர்கள் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பதில்லை. அத்திம்பேர் யோசித்தார். பிற்கால வண்டியின் டிஸ்க் பிரேக்கையும் தேடிப் பிடித்தார்.

எனக்கு அங்கே உத்தியோகம் டார்ச் பிடிப்பது. காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். கிராங்க் ஷாப்டை ‘வில்ப்ரெக்கேன்’ என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தச் சொல் அறுபது வருஷம் கழித்து ஸ்ரீரங்கத்துக் கொல்லையில் நினைவுக்கு வந்தது. சொன்னேன். “அதை விடு, டார்ச்சை நேரா பிடிடா” என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை இசுசு கிளம்பியது. சாவியைத் திருப்பின உடனே. அத்திம்பேர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வெகு காலம். அக்கா காபியோடு வந்து நின்று கேட்டாள். “ஏன்னா, இது நம்ம கார் சத்தமே இல்லையே?” என்றாள்.

அக்கா சொன்னது நியாயம்தான். ஆனால் நம் ஊர்க் கார்களின் சரித்திரத்தைப் பார்த்தால் எல்லாமே இரவல் எஞ்சின் சமாசாரம்தான். அம்பாசிடரே இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. முதலில் 1476 சிசி சைடு வால்வ் எஞ்சினோடு வந்து, 1959-இல் இந்த 1489-க்கு மாறியது. அப்புறம் டீசல் வந்தது, 1990-களில் இசுசு வந்தது. 2014 மே மாதம் உத்தரபாராவில் உற்பத்தி நிற்கும்வரை உடம்பு கிட்டத்தட்ட அதேதான். கான்டெஸா? வாக்ஸாலின் உடம்பில் இதே பழைய 1489-ஐ வைத்தார்கள். அந்தப் பெரிய உடம்பை அது இழுக்க முடியாமல் திணறியதால் பிறகு இசுசு. நம் பெருங்களத்தூருக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 இன்னும் வேடிக்கை. ரோவரின் அழகான உடம்பு, உள்ளே பழைய வான்கார்டு காலத்து எஞ்சினின் வழிவந்த 1991 சிசி. மூன்று வருஷத்தில் கடை மூடியது. வெல்வெட் ஷெர்வானிக்குள் பழைய பனியன் மாதிரி என்று அப்போது ஆபீஸில் ஒருவர் சொன்னார்.

இவ்வளவு ஏன், நம் பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்கு எண்ணெயில் எரியும் நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டிக் கொடுத்திருக்கிறது. பழைய வடிவம், புதிய நெருப்பு. யுனெஸ்கோ 2005-இல் கொடுத்த பாரம்பரிய அந்தஸ்து அதனால் குறைந்துவிடவில்லை.

ஆனால் கம்பெனி செய்யலாம், ரயில்வே செய்யலாம், அத்திம்பேர் செய்யக் கூடாது. அவருக்கு இதைப் படித்துச் சொல்ல வேண்டியவன் நானாகிப் போனேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு. உற்பத்தியாளர் ஆதியில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சினை மனுக் கொடுத்து அனுமதியோடு மாற்றிக்கொள்வது வேறு சங்கதி. 1489 இருந்த இடத்தில் 1.8 லிட்டர் என்பது அதில் அடங்காது.

“வின்டேஜ்னு பதிவு பண்ணிடலாமே” என்றார். அதையும் படித்தேன். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற தனி வரிசை எண் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பிரான்சில் ‘கார்த் கிரீஸ்’ என்று சொல்லும் ஆர்.சி.யிலும் பழங்கார்களுக்குத் தனி வகை உண்டு. அங்கே முப்பது வருஷம் போதும், ஆனால் முக்கிய பாகங்கள் ஆதி நிலையில் இருக்க வேண்டும் என்பதில் அவர்களும் கறார்தான்.

இன்னொன்றும் அந்த விதியில் இருந்தது. பலர் இதைக் கவனிப்பதில்லை. வி.ஏ. எண் வாங்கிய வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இவற்றுக்குத்தான். அக்காவை ஏற்றிக்கொண்டு காரைக்கால் போவது இதில் எந்தத் தலைப்பில் வரும்? ஆக, இசுசுவோடு போனால் சட்டப்படி வாசலைத் தாண்ட முடியாது. பழைய எஞ்சினோடு வி.ஏ. வாங்கினால் கண்காட்சிக்குப் போகலாம், காரைக்காலுக்குப் போக முடியாது.

இதில் எனக்குப் பிடிபடாதது ஒன்று. அதே 52-ஆவது பிரிவு, அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் எரிபொருளை மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது. பேட்டரி உள்பட. அதாவது பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு மின்சார மோட்டார் வைக்க வழி உண்டு, அதே கம்பெனி அதே மாடலில் பிற்காலத்தில் வைத்து விற்ற எஞ்சினை வைக்க வழி இல்லை. கண்டதையும் வெட்டி ஒட்டி ரோட்டில் விடுபவர்களைக் கட்டுப்படுத்தத்தான் சட்டம் என்பது தெரியும். அவர்கள் செய்யும் அட்டகாசமும் தெரியும். ஆனாலும் கம்பெனியே மாற்றிய எஞ்சினுக்கு ஒரு பரிசோதனை, ஒரு கட்டணம் என்று வைத்து வழி விடலாம் என்பது என் அபிப்பிராயம்.

மின்சார மோட்டார் யோசனையைச் சொன்னபோது அத்திம்பேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. வி.ஏ. எண் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்வதுதான், கட்டாயம் இல்லை. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒத்துப் போனால், வண்டி தகுதியாக இருந்தால், எந்தப் பழைய காரையும் போல பசுமை வரியும் கட்டணமும் கட்டி ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். அதே பழைய நம்பர், எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஒரே நிபந்தனை, எஞ்சின் நம்பர் தாங்கிய அந்த விரிசல் விட்ட பிளாக் பிழைக்க வேண்டும். “முதல்லயே சொல்லக் கூடாதோ?” என்றாள் அக்கா. முதலில் யாரும் கேட்கவில்லை.

வெல்டிங் ஊரில் வாழ்நாளைக் கழித்த மனுஷர், இதை வெல்டிங் பண்ண மாட்டேன் என்றார். வார்ப்பிரும்பில் கரி அதிகம். ஒரு இடத்தை மட்டும் சூடாக்கினால் பக்கத்தில் புது விரிசல் விடும். முழு பிளாக்கையும் சீராகச் சூடேற்றி, சீராக ஆறவிட வேண்டும். அது கொல்லையில் நடக்கிற காரியமா? அதனால் தையல். ஆமாம், இரும்பைத் தைப்பது. விரிசலின் குறுக்கே வரிசையாகத் துளை போட்டு, உலோகச் சாவிகளை அடித்து இறக்கி, விரிசலின் நீளத்துக்கு ஒன்றை ஒன்று கவ்வும்படி மரை ஆணிகளை இறுக்கி, மேலே தேய்த்துச் சமமாக்குவது. நெருப்பே கிடையாது. பொன்மலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய நண்பர் நாலு நாள் வந்து செய்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார், நாலு நாளும் மத்தியானச் சாப்பாடு மட்டும். பிறகு தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தோம். காலையில் துணியால் துடைத்தால் ஈரமில்லை. லைனர் போட்டு, பிஸ்டன் மாற்றி, இசுசுவை வெளியே எடுத்து, தரை ஓட்டையைத் தகடு வைத்து மூடி, பழைய கியர் தண்டை மறுபடி ஸ்டியரிங் பக்கம் கட்டி, இதற்கு ஏழு மாதம். டிஸ்க் பிரேக்கும் போய் ட்ரம்மே திரும்ப வந்தது. அதில் அத்திம்பேருக்கு வருத்தம்தான்.

பழைய எஞ்சின் முதல் திருப்பில் கிளம்பவில்லை. ஹாண்டில் போட்டு மூன்று சுற்று. புகை, இருமல், அப்புறம் அந்தப் பழைய லொடலொட. அக்கா அடுக்களையிலிருந்து வரவே இல்லை. “கேட்டுண்டுதான் இருக்கேன்” என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோன அன்று நானும் போனேன். பென்சில் பிரின்ட் எடுத்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். காகிதத்தை அழுத்திப் பிடிக்காமல் தேய்த்தான், எட்டாவது எழுத்து கலங்கிவிட்டது. இன்னொரு சீட்டு வாங்கி நானே எடுத்துக் கொடுத்தேன்.

இசுசு எஞ்சினை, அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் ஒருவர் உதிரிக்கென்று வாங்கிப் போனார். தை பிறந்ததும் காரைக்கால் என்று ஏற்பாடு. தஞ்சாவூர், திருவாரூர் வழியாக 150 கிலோமீட்டர் சொச்சம். ஐம்பதுக்கு மேல் ஓட்ட மாட்டேன், வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ரேடியேட்டரைப் பார்ப்பேன் என்று அத்திம்பேர் இப்போதே சொல்லிவிட்டார். முன் சீட் இந்தத் தடவை அக்காவுக்கு.