காற்றின் கணக்கும் உடலின் கணக்கும்

மன்னார்த் தீவிலே கடற்றொழில் என்பது ஒருவகையில் நாட்கணக்கேயாகும். சோளகக் காலத்திலே தென்கரை கொந்தளிக்கும். வாடைக் காலத்திலே வடகரை சீறும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் காற்று, பிறை, நீரோட்டம் ஆகிய மூன்றையும் நோக்கியே படகுகள் கடலில் இறங்குகின்றன. காற்றறிந்து கரையில் தங்கியவனை ஊர் கோழை என்று இகழ்வதில்லை. தொழில் தெரிந்தவன் என்றே மதிக்கின்றது.

இயற்கையின் சுழற்சியை இத்துணை நுட்பமாகக் கணிக்கும் சமுதாயம், பெண்ணுடலின் மாதச் சுழற்சியைக் கணிப்பதற்குரியதாகக் கொள்ளாது, மறைப்பதற்குரியதாகவே கொண்டுவந்துள்ளது. சாமத்தியச் சடங்கோடு மைதானத்தை மறந்த சிறுமியர் பலர். வலைப்பந்தாட்டத்தில் முன்னின்றவளும் அந்நாட்களில் தலையிடி என்று காரணஞ் சொல்லி ஒதுங்குகின்றாள். இவ்வாறு ஒதுங்குதல் வேறு, ஓய்வு வேறு. முன்னது நாணத்தாற் பிறப்பது. பின்னது அறிவாற் பிறப்பது.

பெண்ணுடல் இயல்பாகவே வலுவற்றது என்ற எண்ணத்தைத் தலைமன்னார்க் கடலே பொய்ப்பித்துள்ளது. அங்கிருந்து தனுஷ்கோடி வரையுள்ள ஏறத்தாழ 30 கிலோமீற்றரை 2004 இல் பூலா சௌத்திரியும், 2021 இல் நாற்பது வயதைக் கடந்த சியாமளா கோலியும் நீந்திக் கடந்தனர். வலிமை உண்டு என்பதனால் களைப்பே இல்லையென்று ஆகிவிடாது. 2016 ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிலே சீன வீராங்கனை பூ யுவான்ஹுய், முதல்நாளிரவு மாதவிடாய் தொடங்கியதனாற் களைத்திருந்ததாகவும், எனினும் அதனைச் சாக்காகக் கூறவில்லையென்றும் வெளிப்படையாகச் சொன்னார். உலகம் வியந்தது அவர் களைப்பை அன்று. அவர் அதனைச் சொன்னதை.

மருத்துவ அறிவு கூறுவது யாது? மாதவிடாயின் பின் ஈஸ்திரஜன் உயர்கின்றது. சூல் வெளிப்பட்டபின் புரோஜெஸ்தரோன் மிகுந்து, உடல் வெப்பம் ஏறத்தாழ அரைப் பாகை செல்சியஸ் வரை கூடுகின்றது. மன்னாரின் உச்சிவெயிலில் ஓடுபவளுக்கு இது சிறு செய்தியன்று. அவ்வாரங்களில் ஓட்டத்தைக் காலைக்கு மாற்றுவதும் தண்ணீரைக் கூட்டுவதும் தகும். ஆயினும் எல்லோருக்கும் பொருந்தும் அட்டவணை எதுவுமில்லை. பல ஆய்வுகளை ஒப்புநோக்கி 2020 இல் வெளிவந்த மீளாய்வொன்று, முதல் நாட்களில் ஆற்றல் குறையினும் அக்குறைவு சராசரியில் மிக அற்பமே என்றும், ஒவ்வொருத்தியின் இயல்பறிந்தே பயிற்சியை வகுத்தல் வேண்டும் என்றும் முடிவுகட்டியது. ஒருத்தி வலியால் படுத்திருப்பாள். மற்றொருத்திக்கு மெல்லிய நடையே வலியைத் தணிக்கும். ஆதலின் அவளவள் குறிப்பேடே சிறந்த வழிகாட்டி. கடும் பயிற்சியிடையே மூன்று மாதம் மாதவிடாய் வாராதிருப்பின், அதனைத் தொல்லை தீர்ந்ததாகக் கருதலாகாது. உழைப்புக்கேற்ற உணவு இல்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம், எலும்பும் நலியக்கூடும். மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இவை வீராங்கனைகளுக்கு மட்டும் உரியனவல்ல. கரையோரத்தில் மீன் காயவிடும் பெண்ணுக்கு, இன்று உடல் இயலவில்லை என்று சொல்லும் உரிமை உண்டா? பாடசாலை மைதானத்திலே ஒரு மாணவி தன் உடற்கல்வி ஆசிரியரிடம் நாணமின்றி, “இன்று ஓட்டம் வேண்டாம், நடக்கின்றேன்” என்று கூற இயலுமாயின், அவ்வுரிமையின் முதலெழுத்து அங்கே எழுதப்பட்டதாகும். அதற்குத் துப்புரவான கழிப்பறையும், கேட்கும் செவியும் போதும், பெருஞ்செலவு வேண்டியதில்லை.