வண்டி பேசியாயிற்று

கொடைக்கானலுக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ வேன் பேசும் வீட்டில் கேள்விகளுக்குக் குறைவிருக்காது. கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா தனியா, டோல் யார் கட்டுவது, கணக்கு ஷெட்டிலிருந்தா வீட்டிலிருந்தா, மலையேறும்போது ஏசி ஓடுமா என்று குடைந்து எடுத்துவிடுவோம். வண்டி ஓட்ட வருகிறவர் முந்தின ராத்திரி தூங்கினாரா என்று மட்டும் கேட்பதில்லை. அது ஓனர் பாடு என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் தவறுகிறோம் என்பது என் கட்சி. பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பயணி தீர்மானிப்பதில்லை. வாடகை வேனில் கிளம்பும் நேரம், போகும் ஊர், திரும்பும் நேரம் எல்லாம் வாடகைக்கு எடுத்தவர் சொல்வதுதான். நேரத்தைக் குறித்தவருக்கு அதன் விளைவிலும் பங்கு உண்டு.

சென்னையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் காலையில் போய்ச் சேரலாம், ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம் என்பது வழக்கமான கணக்கு. நாம் சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறோம். அவர் ஒன்பது பத்து மணி நேரம் ஓட்டுகிறார். தூக்கம் கண்ணை அழுத்தும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் நெடுஞ்சாலையில், அது முடிந்ததும் மலைப்பாதையில். நாம் குளித்துச் சாப்பிட்டதும் தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் என்று மறுபடி கிளம்பச் சொல்கிறோம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தது. ஆனால் அது குறைந்தது ஐந்து தொழிலாளர் உள்ள நிறுவனங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம். ஒற்றை வேனை வைத்துக்கொண்டு தானே ஓட்டிப் பிழைப்பவரின் மணிக்கணக்கை யார் பார்க்கிறார்கள்? கூடவே போகிற நாம்தான் பார்க்க முடியும்.

“டிரைவரே முடியும் என்கிறாரே” என்று சொல்லலாம். முடியாது என்றால் அடுத்த வேனுக்குப் போன் பண்ணுவோம் என்பது அவருக்குத் தெரியும். சீசன் இரண்டு மாதம், மாதத் தவணை பன்னிரண்டு மாதம் என்றிருக்கிறவரின் ‘முடியும்’ எவ்வளவு தூரம் தாங்கும்? இறங்கும்போது சின்ன கியரில் நிதானமாக இறங்குவதும், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்து அதைச் சூடேற்றாமல் இருப்பதும் விழிப்பான மூளை செய்கிற வேலை. அசந்துபோனவருக்குத் தான் அசந்திருப்பதே தெரியாது.

வெள்ளை போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்குப் பேசும் விஷயமும் இதே ஜாதி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் டிரைவரோடு வரும் வாடகை வண்டி, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். தெரிந்தவர் காரைச் சல்லிசாகப் பேசிக்கொண்டு போவதில் லாபம் இருக்கலாம். ஆனால் சொந்தக் காருக்கான இன்சூரன்ஸ் வாடகைக்கு ஓட்டுவதை ஏற்பதில்லை. விபத்து நடந்தால் முதலில் கிளம்பும் வழக்கு அதுதான். “போலீசில் கேட்டால் சொந்தக்காரர் கார் என்று சொல்லிவிடுங்கள்” என்று ஓனர் சொல்லிக்கொடுக்கும்போதே அவருடைய பொய்யில் நாமும் கூட்டுச் சேர்ந்துவிடுகிறோம்.

இப்படியெல்லாம் பார்த்தால் செலவு கூடும் என்பது நியாயமான ஆட்சேபம். கூடத்தான் செய்யும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒரு பகல் பயணத்திலேயே போய்விடும். அடுத்த செலவு அவர் தூங்கும் இடத்துக்கு. பல லாட்ஜ்களில் டிரைவருக்கு இடம் கிடையாது. கொடைக்கானல் குளிரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பார்க்கிங்கில் நிற்கும் வேனின் பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறார், மறுநாள் அவர்தான் வத்தலக்குண்டுக்கு இறக்கவேண்டும். ரூம் புக் பண்ணும்போதே அவருக்கும் ஒரு கட்டில் கேட்டு வாங்குவதுதான் முறை. பன்னிரண்டு பேர் போகும் வேனில் அதைப் பங்கு போட்டால் தலைக்கு வரும் தொகை வழியில் சாப்பிடுகிற காபி, பஜ்ஜிச் செலவைத் தாண்டாது.