கற்பிட்டி மணலும் பழைய லாண்ட்மாஸ்டரும்

புத்தளத்துக்குத் தெற்கேயுள்ள பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டு மேற்கே திரும்பினால் கற்பிட்டிக் குடாநாட்டின் வீதி தொடங்குகிறது. ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளமான அவ்வீதியின் வலப்புறத்தே புத்தளம் களப்பு. இடப்புறத்தே தென்னந்தோப்புகளுக்கு அப்பால் பெருங்கடல். நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வானளாவி நிற்கிறது. தலவிலவில் புனித அன்னம்மாள் தேவாலயம். கற்பிட்டி நகரை அடைந்தால், ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை. யாத்திரை செல்வோரும் உல்லாசப் பிரயாணிகளும் இவற்றையெல்லாம் கண்டு திரும்புவர். நாம் இங்கு கூறப்போவது இவற்றுக்கிடையே, எவரும் நின்று பாராத ஒரு காட்சியைப் பற்றியது.

வீதியின் இருமருங்கிலும் மணல். கடற்கரையில் கால் புதைவது போலவே தோட்டத்திலும் கால் புதைகிறது. ஆயினும் அம்மணலிலே சின்ன வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் பாத்தி பாத்தியாகச் செழித்து நிற்கின்றன. இதனைச் சாத்தியமாக்கியவை இரண்டு. ஒன்று, மணலுக்கடியில் ஆழமில்லாமலே கிடைக்கும் நன்னீர். மற்றொன்று, இரு சக்கரங்களும் இரு நீண்ட கைபிடிகளும் கொண்ட சிறு உழவு இயந்திரம். உழுவதும், பெட்டி பூட்டினால் சந்தைக்குச் சுமை இழுப்பதும், வார்ப்பட்டி மாட்டினால் கிணற்றில் நீர் இறைப்பதும் அதுவே. எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்ததாயினும் நம் நாட்டவர் அதனை ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே அழைப்பர்.

இப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924–2010) இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பியவர். எருமைகளைக் கொண்டு சேற்றில் உழும் நம் விவசாயிக்கு உதவும் சிறு இயந்திரம் ஒன்றினை 1950களில் அவர் உருவாக்கினார். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில் தயாரிக்கப்பட்டு, லாண்ட்மாஸ்டர் என்ற பெயருடன் அது பல நாடுகளுக்குச் சென்றது. பின்னர் யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வேறு இயந்திரங்கள் வந்து குவிந்தன. பொருள் மாறிற்று, பெயர் மாறவில்லை.

குடாநாட்டின் நடுப்பகுதியில், வீதியோரத்து வேப்பமர நிழலில், கிடுகு வேய்ந்த பட்டறை ஒன்றுண்டு. அதனை நடத்தும் முதியவரை அவ்வூரார் ‘நானா’ என அழைக்கின்றனர். நாம் அங்கு சென்ற வேளையில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட யப்பானிய லாண்ட்மாஸ்டர் ஒன்று அக்கக்காகக் கழற்றப்பட்டுக் கிடந்தது. அதன் உரிமையாளரான இளைஞர் அருகில் நின்றார். அவருடைய தந்தையார் வாங்கிய இயந்திரம் அது. முன்புறத் தகட்டில், சென்ற சரஸ்வதி பூசையன்று இட்ட சந்தனப் பொட்டு இன்னும் அழியாதிருந்தது.

“நானா, இந்த எட்டுக் குதிரை எஞ்சினைக் கழற்றிப் போட்டுட்டு, பன்னிரண்டு குதிரை சீன எஞ்சின் ஒன்றைப் பூட்டித் தாங்க. பெரிய பம்பும் போட்டா ஒரு மணித்தியாலத்துல தோட்டம் முழுக்கத் தண்ணி பாய்ச்சிடலாம்” என்றார் இளைஞர்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாயை எட்டிற்று. இறக்குமதியாகும் புதிய இயந்திரம் சிறு விவசாயியின் கைக்கு எட்டாததாயிற்று. பழையதன் உடலில் புதிய உயிரைப் புகுத்தினால் என்ன என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை.

நானா உடனே மறுக்கவில்லை. பற்சக்கரப் பெட்டியிலிருந்து வடித்த எண்ணெயை விரலில் தொட்டு, எம்மிடம் நீட்டினார். “தேய்ச்சுப் பாருங்க சேர்” என்றார். விரல்களுக்கிடையே நறநறவென்று மணல் உறுத்திற்று. அச்சு வெளிவரும் இடத்திலுள்ள எண்ணெய்ச் சீல் தேய்ந்தால், எண்ணெய் வெளியே கசிவதோடு மணலும் உள்ளே புகுந்துவிடும். புகுந்த மணல் அரம் போலப் பற்களை அராவும். வெளியேயோ உப்புக்காற்று, சக்கர விளிம்பையும் சேறு தடுக்கும் தகட்டையும் அரித்துக்கொண்டிருக்கும். இயந்திரத்தின் நோய் எஞ்சினில் மாத்திரம் இல்லை என்பது எமக்கும் புலனாயிற்று.

“தம்பி, இந்தப் பெட்டி எட்டுக் குதிரைக்குச் செஞ்ச பெட்டி. பன்னிரண்டைப் பூட்டினா முதல்ல பல்லு உடையும், பிறகு சட்டம் வெடிக்கும். பாரம் முன்னுக்குக் கூடினா மணலுக்குள்ள மூக்கைக் குத்தும்” என்றார் நானா. பின்பு சற்றுத் தாமதித்து, “அதெல்லாம் பரவாயில்லை, ஒட்டித் தருவேன். உங்கட கிணத்தை யார் ஒட்டித் தாறது?” என்றார்.

இக்கேள்வியின் ஆழத்தை வாசகர்கள் உணர வேண்டுமாயின் அம்மணலின் இயல்பை அறிதல் வேண்டும். இரு புறமும் உவர்நீர் சூழ்ந்த இத்தரையில், மழைநீர் மணலூடே இறங்கி, கனமான உவர்நீரின்மீது ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. பாடோன் கைபன் என்ற ஒல்லாந்தரும் ஹெர்ஸ்பர்க் என்ற ஜெர்மானியரும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தனித்தனியே கண்டறிந்த விதி இது. அதன் மறுபக்கமோ அச்சம் தருவது. மேலே நீர்மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்து நிலைக்குமாயின், கீழே உவர்நீர் 40 அங்குலம் வரை மேலெழக்கூடும். பெரிய பம்பு கொண்டு விரைவாக இறைக்குந்தோறும் கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்பு போல எழும்பி வரும். வெங்காயப் பாத்தியில் உப்பு ஏறிய பின்னர் எத்தனை குதிரை வலு இருந்தும் பயன் என்ன?

லாண்ட்மாஸ்டரைப் படைத்தவரும் இத்தகைய கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. எருமை உழுவதோடு பாலும் சாணமும் தருவதையும், இயந்திரமோ பிற நாட்டு எரிபொருளை எதிர்பார்த்து நிற்பதையும் ரே விஜேவர்தன பிற்காலத்தில் எடுத்துக் காட்டினார். வெப்ப நாடுகளின் சிறு நிலத்துக்குத் தமது இயந்திரம் உண்மையில் ஏற்றதுதானா என்று ஐயுற்றார். மண்ணை ஓயாமற் புரட்டுவதைக் குறைத்து, தழையால் மூடிப் பயிரிடும் முறையையும், சீமைக்கிளுவையின் பயனையும் நாடெங்கும் வற்புறுத்தினார். அவர் இயந்திரத்தை வெறுத்தவரல்லர். நிலம் தாங்குமா என்று கேளாமல் வேகத்தைக் கூட்டுவதையே கண்டித்தார்.

இளைஞர் நெடுநேரம் பேசாதிருந்தார். இறுதியில், “அப்ப நீங்க சொல்ற மாதிரியே செய்யுங்க நானா” என்றார்.

நானா செய்யத் தொடங்கிய வேலைகளை வரிசையாகக் கூறுவது வாசகர் சிலருக்கேனும் உதவும். பழைய எஞ்சினின் சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற புதிய பிஸ்டனும் வளையங்களும் இடுவது முதல் வேலை. பற்சக்கரப் பெட்டியை டீசலால் கழுவி, பெயரிங்குகளையும் எண்ணெய்ச் சீல்களையும் மாற்றுவது இரண்டாவது. காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் அளவான எண்ணெய் நிற்கும்படி செய்வது மூன்றாவது. மணற்றூள் எஞ்சினுள் புகாமற் காப்பது அதுவே. இவை பழுது நீக்கல்.

மேம்படுத்தலும் இல்லாமலில்லை. சேலைத் தலைப்போ சாரமோ சிக்காதவாறு வார்ப்பட்டிக்கு ஓர் இரும்பு உறை. இரவில் சந்தைக்குச் செல்லும்போது பின்னால் வரும் லொறிக்குத் தெரியும்படி, இழுவைப் பெட்டிக்குச் சிவப்பு விளக்கும் ஒளிதெறிக்கும் தகடும். அப்பெட்டிக்குக் காலால் மிதிக்கும் பிரேக். பம்புக்குச் சற்றுப் பெரிய கப்பி. அதனால் பம்பு மெதுவாகச் சுழன்று, நீர் குறைவாக ஏறும். பாய்ச்சி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்குப் பதில் மூன்று ஆகலாம். இறைப்பதற்கிடையே கிணறு ஊறிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

அடுத்த நடுகைக்கு மூன்று வாரங்களே இருந்தன. அதற்குள் இயந்திரம் தோட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே இளைஞரின் கவலை. கொழும்பிலிருந்து பெயரிங் வந்துவிட்டால் பத்து நாளில் முடியும் என்றார் நானா. கடற்காற்றில் நின்ற இயந்திரத்தைக் கிழமைக்கொரு முறை நன்னீரால் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தார்.

கற்பிட்டிக்குச் செல்லும் அன்பர்கள் கோட்டையையும் கடலையும் அவசியம் பார்க்கட்டும். திரும்பும் வழியில் ஏதேனும் ஒரு தோட்டத்தருகே வண்டியை நிறுத்தி, அனுமதி பெற்று, கிணற்று நீரை ஒரு கை அள்ளிப் பருகிப் பார்க்கட்டும். கடலுக்கு அத்தனை அருகிலும் அது இனிக்கும்.