குழல் ஆறும் நேரம்

ஜூலையில் பிரெய்ரி நாய் வேட்டைக்குத் தெற்கு டகோட்டா போக எனக்கு மார்ச்சிலேயே வேலை தொடங்கிவிடும். முதலில் எடுப்பது துப்பாக்கியை அல்ல, வரைபடத்தை. பஃபலோ கேப் தேசியப் புல்வெளி பொது நிலம்தான். ஆனால் அதற்குள் இருக்கும் கொனாட்டா பேசினில் பிரெய்ரி நாயைச் சுடக் கூடாது. அடியோடு அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த கருங்கால் ஃபெரட்டை 1990களில் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். கீரியை ஒத்த அந்தப் பிராணிக்குச் சோறே பிரெய்ரி நாய்தான். பக்கத்திலுள்ள பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவிலும் வேட்டை கிடையாது. எல்லை தெரியாமல் போய் நிற்பதைவிட, ஒரு பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது என் வழக்கம். மாட்டுக்கான புல்லையெல்லாம் பிரெய்ரி நாய்கள் தின்றுவிடுகின்றன என்பது அவர் கட்சி.

பெயர்தான் நாய்; பிறப்பில் அணில் குடும்பம். எடை ஒரு கிலோ அளவுக்கு வரும். 250 கஜத்துக்கு அப்பால் நிமிர்ந்து நின்றால் ஒரு தண்ணீர் பாட்டில் உயரம், அவ்வளவே.

முதல் வருடம் ஒரே ஒரு .22-250 ரைஃபிளோடு போனேன். அதில் 50 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 3,800 அடி வேகத்தில் பாயும். அத்தனை மருந்து எரியும் சூடு, தோட்டா அமரும் இடத்துக்கு முன்னால் இருக்கும் குழலின் தொண்டையை அரித்துவிடும். முப்பது தோட்டா முடிவதற்குள் குழலைத் தொட முடியவில்லை. ஸ்கோப்புக்குள் கானல் நெளிந்தது, குறி அலைந்தது. நான் நிறுத்தினேனா? இல்லை. அந்தக் கோடையோடு அந்தக் குழல் தீர்ந்தது.

இப்போது மூன்று துப்பாக்கிகள்: தூரத்துக்கு .223, .204, நூறு கஜத்தை ஒட்டியதற்கு .17 எச்.எம்.ஆர். ஒன்று ஆறும்போது இன்னொன்று. செத்துக் கிடப்பதைக் கழுகும் பருந்தும் தின்னும் என்பதால் ஈயமில்லாத குண்டுதான் வாங்குகிறேன், விலை வலிக்கும். மடக்கு மேசை, மணல் மூட்டை, தூரமானி, காதுக்கவசம், குழல் துடைக்கும் கம்பி, நிறையத் தண்ணீர். விரியன் நடமாட்டம் உண்டு, ஆகவே உயரமான பூட்ஸ். தெள்ளுப்பூச்சி வழியாகப் பிளேக் பரவும் இடமும்கூட. செத்ததைக் கையால் தொடுவதில்லை.

காற்றுதான் பெரும்பாடு. மணிக்குப் பத்து மைல் பக்கக்காற்று 300 கஜத்தில் .223 குண்டை ஏறக்குறைய ஓர் அடி தள்ளிவிடும். குறியின் அகலமோ நாலைந்து அங்குலம். புல் எப்படிச் சாய்ந்தது, குண்டு எங்கே விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கடையில் விற்கும் காற்றுமானியைவிட அந்த நோட்டை நான் நம்புகிறேன்.

மூட்டையிலேயே கனமானது முக்காலியோடு வரும் பெரிய தொலைநோக்கி. பிரெய்ரி நாய் வளை தோண்டிய மண்மேட்டில்தான் வளை ஆந்தையும் நிற்கும். சட்டப் பாதுகாப்புள்ள பறவை அது. வெறுங்கண்ணுக்குப் பிரெய்ரி நாய்க்குட்டி மாதிரியே தெரியும். அதனால் ஒவ்வொரு மேட்டையும் பார்த்த பிறகே ரைஃபிளில் கை வைப்பேன்.

குழல் ஆறும்போதும் தொலைநோக்கியில்தான் கண். ஒரு நாய் முன்கால்களை வீசித் துள்ளிக் கத்தும். பக்கத்து வளைக்காரன் கத்துவான், அடுத்தவனும் கத்துவான், அப்படியே ஊர் முழுக்கப் பரவும். குழல் எப்போதோ ஆறியிருக்கும். நான் பிளாஸ்க்கிலிருந்து இன்னொரு காபி ஊற்றிக்கொண்டிருப்பேன்.