டைட்டில் ஓடும்போது தள்ளிவிடாதீர்கள்



இண்டூர்ப் பக்கம் சினிமாக் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை நாங்கள். படம் தொடங்கும்முன் பேர் போடுவார்களே, அதைப் பற்றி இன்று கொஞ்சம் எழுதத் தோன்றியது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அந்தப் பெயர்களை ஓவியர்கள் தூரிகையால் அட்டையிலோ கண்ணாடியிலோ எழுதுவார்கள். அதைக் கேமராவில் படம் பிடிப்பார்கள். எழுத்து நகர வேண்டுமென்றால், கொஞ்சம் தள்ளி வைத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு படம். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 நிமிடத்துக்கு 4,320 படங்கள்!

1955-இல் அமெரிக்காவில் சால் பாஸ் என்ற ஓவியர், 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்கு வெட்டிய காகிதம் போன்ற வெள்ளைக் கோடுகளை நகரவிட்டே பெயர்களைக் காட்டினார். அதே ஆண்டு வந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் பெயர்கள் வங்கக் கையெழுத்தாகவே வந்தன. உலகம் இவற்றைக் கலை என்று கொண்டாடுகிறது. சரிதான். ஆனால் எனக்கு வாத்தியார் புத்தி. எனக்கு அது பாடப்புத்தகம்.

ஏன் தெரியுமா? எந்தப் படமானாலும் கதை, வசனம், பாடல்கள், இசை, கலை, துணை இயக்கம் என்று அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். எழுத்தின் உருவம் மட்டும் படத்துக்குப் படம் மாறும். ஒன்றாம் வகுப்புக்கு இதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி உண்டா?

அறிவொளி வகுப்பு நடந்த காலத்தில், கூலி வேலைக்குப் போய்வந்து படித்த ஓர் அம்மா மறுநாள் என்னிடம் கேட்டார்: "சார், நேத்து டிவி படத்துல 'இசை'ன்னு போட்டான். நீங்க சொல்லிக்குடுத்த 'சை'தானே அது?" அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

1992-இல் 'அண்ணாமலை' வந்தது. புள்ளி புள்ளியாகச் சேர்ந்து 'சூப்பர் ஸ்டார்' என்று ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக வரும். ஆங்கிலம் என்றால் ஓடி ஒளியும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை மட்டும் வரிசை தப்பாமல் சொல்வார்கள். 26 எழுத்தில் 7 எழுத்து எனக்கு மிச்சம்!

இன்னொன்று. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து 13 எழுத்துகளின் உருவத்தை மாற்றியது. நான் பள்ளியில் படித்தது யானைத் தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'ணை'. வேலைக்கு வந்து சொல்லிக்கொடுத்தது புது எழுத்து. இன்று அந்தப் பழைய எழுத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, பழைய படத்தில் 'கலை', 'துணை இயக்கம்' என்று வரும் இடமே போதும்.

இப்போது பல படங்களில் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் வந்து மின்னலாய் மறைகின்றன. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அங்கே இடமில்லை. அதுதான் என் வருத்தம். தமிழில், நின்று படிக்கும் நேரத்துக்குப் பெயர் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்த முறை யூடியூபில் பழைய படம் பார்க்கும்போது டைட்டிலைத் தள்ளிவிடாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லை முதலில் படித்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.