மூலைக்கு ஒரு பூ

ஹலியாலிலிருந்து காட்டுப் பக்கம் திரும்பியதும் கரும்பு வயல்கள் குறைந்து தேக்கு தலைகாட்டுகிறது. வெயில் ஏறியிருந்தது. வழியோர வேலிகளில் ஒட்டுத்துணிப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. நனைந்த போர்வையை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்து வேலிமேல் வீசினார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று இது. இந்தப் போர்வைக்கு அவர்கள் சொல்லும் பெயர் கவந்தி.

சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். போர்த்துக்கீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி மலையேறிக் காட்டுக்குள் குடியமர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்களில் பலர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று சமயத்திலும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் கொங்கணி கலந்த பேச்சு, வெளியே கன்னடம். 2003-ல்தான் இந்த மாவட்டத்துச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோருக்குக் கூலி வேலை. வயலில் வேலை இல்லாத நாட்களில் பெண்கள் ஊசியை எடுக்கிறார்கள்.

பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டுச் சுவரில் ஒரு கவந்தி தொங்குவதைப் பார்த்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் படுத்துப் புரளவேண்டிய ஒன்றை ஆணியில் மாட்டிப் பார்ப்பது என்னவோ போலிருந்தது. தரையில் விரித்துத் தைப்பதைப் பார்க்கவேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

நான் போன வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, தொடைமேல் போர்வையைப் பரப்பியிருந்தார். பக்கத்தில் மருமகள். என் அரைகுறைக் கன்னடம் தடுமாறிய இடங்களில் கல்லூரிக்குப் போகும் பேத்தி கைகொடுத்தாள். "அக்கா, கீழே உட்காருங்க. நின்னுக்கிட்டுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது" என்றாள். உண்மைதான். மேலிருந்து பார்த்தால் அது வெறும் வண்ணக் குவியல். தரையில் உட்கார்ந்தால்தான் அந்தக் குவியலின் கணக்கு புரிகிறது.

அடித்துணி ஒரு பழைய புடவை. வெளியூர்களில் வழக்கமான ஒட்டுவேலை என்றால், முதலில் துண்டுகளையெல்லாம் இணைத்து மேல்துணி செய்துகொண்டு, பிறகு அடித்துணியோடு வைத்துத் தைப்பார்கள். இங்கே அந்த இரண்டு கட்டமும் கிடையாது. புடவையின் ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதன் விளிம்பை விரலால் உள்ளே மடித்து, எல்லா அடுக்கும் சேர நூலோட்டம் ஓட்டுகிறார்கள். அது முடியும் இடத்தில் அடுத்த துண்டு. ஒட்டுவதும் தைப்பதும் ஒரே வேலை. ஓரத்தை ஒரு சுற்று முடித்து, அதற்கு உள்ளே அடுத்த சுற்று, அதற்கும் உள்ளே அடுத்தது. ஸ்ரீரங்கத்தில் பிரகாரம் பிரகாரமாக உள்ளே போவோமே, அப்படித்தான் ஊசி வெளிச்சுற்றிலிருந்து நடுவுக்குப் போகிறது. கடைசித் துண்டு விழும் இடம் போர்வையின் மையம்.

வரைபடம் இல்லை, அளவு நாடாவும் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் இல்லை. பாட்டி ஒரு மஞ்சள் துண்டை எடுத்தார், வைத்தார், தலையைச் சாய்த்தார், திரும்ப மூட்டையில் போட்டார். மருமகள் நீலம் ஒன்றை நீட்டினார். அதுவும் வேண்டாம். மூட்டைக்குள் கையைவிட்டு வெகுநேரம் துழாவி, கரை கிழிந்த ஒரு சிவப்புத் துண்டை எடுத்துவந்தார். வைத்ததும் பக்கத்திலிருந்த பச்சை பளிச்சென்று எழுந்துகொண்டது. மிச்சத் துணியில் செய்தது என்பதால் கை போன போக்கில் செய்தது என்று நினைப்பவர்கள் இந்தத் தேடலை ஒருமுறை பார்க்கவேண்டும். புதுத்துணி வாங்குகிறவர் கடையில் தேர்ந்தெடுத்துவிட்டு வந்துவிடுகிறார். இவர் ஒவ்வொரு துண்டுக்கும் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது.

மூட்டையைக் கிளறிப் பார்த்தேன். துணியின் காலம் மாறியிருப்பது அதில் தெரிந்தது. பருத்திப் புடவை அரிது. நைலான், பாலியஸ்டர், நைட்டி, பள்ளிச் சீருடை, டி-சட்டை, ஊர்த் தையற்காரர் கொடுத்த வெட்டுத்துணி. துவைத்துத் துவைத்துத் தேய்ந்த பருத்தியில் ஊசி தானாக இறங்கும். மடித்தால் மடிப்பு நிற்கும். பாலியஸ்டர் வழுக்கும். மடித்த விளிம்பு தைப்பதற்குள் விரிந்துகொள்ளும். டி-சட்டைத் துணி இழுபட்டு, தைத்து முடித்ததும் சுருங்கி நிற்கும். மருமகளின் வலது நடுவிரல் நுனியில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. "புதுத்துணின்னா இன்னும் மோசம், கஞ்சி போகாம இருக்கும்" என்று அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். கிழிசல்தான் இந்தத் தொழிலுக்கு நல்ல சரக்கு.

இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கலையா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கக் கலை வரலாறு கற்பித்த ஹென்றி ஜான் ட்ரூவல் இந்தப் போர்வைகளை ஆராய்ந்தவர். 2004-ல் சித்திப் பெண்களின் கூட்டுறவு ஒன்று தொடங்கவும் துணை நின்றார். 2011-ல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலுள்ள ஷோம்பர்க் மையம் வரை கவந்திகள் போய்வந்தன. கறுப்பின மக்களின் போர்வைக்கலை என்றதும் அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள ஜீஸ் பெண்ட் ஊர்ப் போர்வைகள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பக்கத்து ஊர்க் கன்னடப் பெண்கள் கௌதி தைக்கிறார்கள், மராட்டியப் பெண்கள் கோதடி தைக்கிறார்கள். தக்காணத்து ஏழை வீடு எதிலும் கிழிந்த புடவை குப்பைக்குப் போனதில்லை. வேரைக் கடல் தாண்டித் தேடுவதற்குமுன் வேலி தாண்டிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். இவர்களுக்கென்று ஒரு முத்திரை இருக்கிறது என்றால் அதை நான் மூலையில் பார்த்தேன்.

நடுத்துண்டும் தைத்தாகிவிட்டது. எனக்குப் போர்வை முடிந்ததாகத்தான் பட்டது. பாட்டி அதை மடிக்கவில்லை. உள்ளங்கையளவு சதுரத் துண்டுகள் சிலவற்றைத் தனியே எடுத்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்துக் குறுக்கே மடித்தார், முக்கோணம். அதை மறுபடி மடித்தார், சின்ன முக்கோணம். நகத்தால் மடிப்பை அழுத்தித் தேய்த்தார். இப்படி நிறத்துக்கொன்றாக மடித்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, போர்வையின் மூலையில் வைத்துத் தைத்தார். ரோஜா நிறம், அதன்மேல் மஞ்சள், அதன்மேல் யாருடைய ரவிக்கையிலோ மிஞ்சிய மினுமினுப்பான ஊதா. அடுக்கு கனமானதால் ஊசி எளிதில் ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இதுதான் பூலா, அதாவது பூ. நாலு மூலைக்கும் நாலு வேண்டும்.

இதனால் போர்வைக்குக் கூடுதல் சூடு கிடையாது. மூலை கிழியாமல் இருக்கவா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார் பாட்டி. "பூ இல்லாட்டி அம்மணமா இருக்கும்." பேத்தி சிரித்துக்கொண்டே இதைச் சொல்ல, பாட்டி சிரிக்கவில்லை. உடுத்திக் கிழித்த துணியில் செய்த போர்வையை அம்மணமாக வெளியே அனுப்பக்கூடாது என்பதில் அவருக்கு விளையாட்டே இல்லை. குழந்தைக்குத் தைக்கும் சின்னக் கவந்திக்கும் பூ உண்டு. கிறிஸ்தவ வீடுகளில் சிலுவையும், முஸ்லிம் வீடுகளில் பிறையும் நடுவே இடம்பிடிப்பதுண்டு. பூ மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது.

விற்பனை வேறு கதை. நகரத்திலிருந்து வருகிறவர்கள் நிறத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள். இளம்பச்சை வேண்டும், வெளிர்நிறமாக வேண்டும், அழுக்குச் சாயல் கூடாது. அப்படி ஆர்டர் வந்தால் புதுத்துணி வாங்கித் தைக்கவேண்டியிருக்கிறது. மிச்சத்தில் பிறந்த ஒரு பொருளை மிச்சமே இல்லாமல் செய்யச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் கூலி வேலையைவிட இதில் வீட்டில் இருந்தபடி காசு வருகிறது என்பதால் மருமகளுக்கு அதில் குறையில்லை. ஆர்டர் போர்வையை அவர் தைக்கிறார். வீட்டுக்கானதைப் பாட்டி தைக்கிறார். எத்தனை பேர் சேர்ந்து படுக்கவேண்டும் என்பதை வைத்து அதன் அளவு.

ஒருவர் கவந்தி வாங்கிப்போய், கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று நாலு பூவையும் வெட்டி எடுத்துவிட்டாராம். அதன் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, இதேபோல் இன்னொன்று வேண்டும், இந்தமுறை பூ வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

"தைத்துக் கொடுத்தீர்களா?" என்றேன்.

"கொடுத்தோம்" என்றார் பாட்டி. "பூ வைத்துத்தான் கொடுத்தோம். வெட்டுகிற வேலையை அவரே செய்துகொள்ளட்டும்."

மருமகள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்தார். "விலையையும் கூட்டிவிட்டோம்."