தாளம் யார் கையில்?

நாட்டார் இசையும் ராக் இசையும் கலந்த பாட்டு எதைக் கேட்டாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: தாளம் யார் கையில் இருக்கிறது? உறுமியோ பறையோ காலத்தை வகுக்க, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் அதன் பின்னால் போகின்றனவா? அல்லது டிரம்ஸ் முன்கூட்டியே போட்டுவைத்த நான்கு எண்ணிக்கைக் கட்டத்துக்குள் உறுமி வந்து இரண்டு முறை முனகிவிட்டு விலகுகிறதா? நம்மிடையே இரண்டாவது வகைதான் அதிகம். அதில் நாட்டார் வாத்தியம் கறிவேப்பிலையாகிவிடுகிறது. வாசம் கொடுத்த மறுகணமே ஓரத்தில் ஒதுக்கப்படுகிறது. பினாங்கில் ஒலிப்பதிவும் இசைக்கோப்பும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்குள்ள கருத்து இது: இந்தக் கலப்பு உண்மையாக நடக்க வேண்டுமானால் மின்சார வாத்தியங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். காலத்தையும் சுருதியையும் ஒலிக்கான இடத்தையும் அவை விட்டுத்தர வேண்டும்.

இதற்கு வலுவான சான்று தென்னமெரிக்காவில் இருக்கிறது. சிலி நாட்டின் வின்யா தெல் மார் நகரில் 1963இல் பாரா சகோதரர்கள் மூவரும் நண்பர்கள் இருவரும் தொடங்கிய லோஸ் ஹைவாஸ், ஆரம்பத்தில் விருந்துகளுக்கு நடனப் பாட்டு வாசித்த குழு. 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அவர்கள் அர்ஜென்டினாவுக்கும், 1977இல் அங்கிருந்து பிரான்சுக்கும் போனார்கள். ‘அல்துராஸ் தெ மாச்சு பிச்சு’ தொகுப்பு 1981இல் அந்த அந்நிய மண்ணில்தான் பதிவானது. மாச்சு பிச்சு இடிபாடுகளை 1943இல் நேரில் பார்த்த பாப்லோ நெருடா பின்னர் எழுதிய நெடுங்கவிதையின் பகுதிகளே அதன் சாகித்யம். மின்கிட்டார், பியானோ, மினிமூக் சின்தசைசர் ஒரு பக்கம். சம்போன்யா, கேனா என்னும் குழல்கள், துருத்துருக்கா என்னும் நீண்ட ஊதுகொம்பு, சாரங்கோ என்னும் சிறு நரம்பு வாத்தியம் மறுபக்கம். பட்டியலாகப் பார்த்தால் இதில் புதுமை இல்லை, இப்படி எத்தனையோ பேர் அடுக்கியிருக்கிறார்கள். கப்ரியேல் பாராவின் டிரம்ஸைத் தனியாகக் கேட்டால்தான் வேலைப்பாடு புரியும். அவருடைய அடி பலமானது, ஆனால் அந்தப் பலம் முழுவதும் அந்த மண்ணின் நடைகளுக்குள் நின்றே வெளிப்படுகிறது. பதினொரு நிமிடம் நீளும் ‘லா பொதரோசா முவெர்த்தே’ ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மெதுவாகத் தொடங்கி, நின்று, திரும்பி, மேலேறுகிறது. ராக் குழு அந்த ஏற்ற இறக்கத்தோடு மூச்சுவாங்கி நடக்கிறது.

சிலியின் குவேக்கா நடனத்தில் ஆறு எண்ணிக்கைகள் சில நேரம் மும்மூன்றாக இரண்டு கொத்தாகவும், சில நேரம் இரண்டிரண்டாக மூன்று கொத்தாகவும் கேட்கும். இந்தக் கணக்கு நமக்கும் சொந்தம். கும்மியிலும் தெம்மாங்கிலும் மும்மூன்றாய்த் துள்ளும் நடை இருக்கிறது, காவடியோடு போகும் உறுமி மேளத்தில் அது கால்களையே ஆட்டிவைக்கிறது. ராக் டிரம்ஸ் வாசிப்பவர் பழக்கத்தால் இதன்மேல் நான்கைப் போட்டு, இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேரை ஓங்கி அடித்துவிட்டால் துள்ளல் செத்துவிடும். அதே ஆள் பாஸ் டிரம்மை உறுமியின் அழுத்தத்தோடு சேர்த்துவிட்டு, கையால் இரண்டிரண்டாகப் பிரித்து வாசித்தால், ஒரே நேரத்தில் இரண்டு நடையும் கேட்கும். செலவில்லாத மாற்றம் இது. காது கொடுப்பதற்கான பொறுமை மட்டும் வேண்டும்.

சுருதியும் ஒலியிடமும் இதைவிடச் சிக்கலானவை. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகல் ஒரு ஸ்வரத்தில் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். அந்த வழுக்கல்தான் அதன் உயிர். அது புழங்குவதும் பேஸ் கிட்டாரின் வட்டாரத்தில்தான். இரண்டும் இடைவிடாமல் ஒலித்தால் கீழ்ப்பகுதி சேறாகிவிடும். அப்போது மிக்சிங்கில் உட்கார்பவர் வழக்கமாகச் செய்வது உறுமியின் அடிநாதத்தை வெட்டிவிடுவது. எஞ்சுவது மறுமுகத்தின் ‘டக் டக்’ மட்டும், அதை உறுமி என்று சொல்லக் கூசும். சரியான தீர்வு பேஸ் வாசிப்பவரிடம் இருக்கிறது. உறுமி வழுக்கும் இடத்தில் அவர் கையை எடுத்துவிட்டு, அது அடங்கியதும் உள்ளே வர வேண்டும். மைக் இரண்டு வேண்டும், தேய்க்கும் முகத்துக்கு ஒன்று, அடிக்கும் முகத்துக்கு ஒன்று. தோலும் ஒரே நிலையில் இருக்காது. தீயில் காய்ச்சிய பறை விறைப்பாகப் பேசும், பினாங்கின் ஈரக்காற்றில் கொஞ்ச நேரத்திலேயே தளரும். கிட்டாரைத் திரும்பச் சுருதி சேர்ப்பது நொடி வேலை. பறையை மறுபடி காய்ச்ச நேரம் வேண்டும். இசைக்கூடத்தில் யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது இதிலேயே தெளிவு.

தமிழில் இந்த ஒழுங்கை அறிந்து செய்தவர்கள் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பத்தொன்பது பேர் குழு, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. ‘சாதியற்ற தமிழர்’ என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. பறையும் சட்டியும் கட்ட மோளமும் நடையை வகுக்க, கிட்டார் சிறு துண்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கானாவின் பேச்சு வேகத்துக்கு இடம் விடுகிறது. வடசென்னையின் சாவு வீடுகளில் இரவு முழுக்க ஒலித்த கானா, சொல்லுக்கு முதலிடம் தரும் இசை. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற இசைவாணியின் குரல் அங்கே டிரம்ஸை மீறிக் கேட்பதற்கு, கத்தும் திறனைவிட இப்படி இடம் விடுவதே காரணம். சிலியில் ராணுவ ஆட்சி ஆண்டிஸ் குழல்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. நம் ஊர்களில் பறையைத் தீட்டென்று ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட வாத்தியத்தை மேடையேற்றிவிட்டு மறுபடியும் டிரம்ஸுக்குப் பின்னால் நிறுத்தினால், ஒதுக்கியவர்கள் செய்ததையே இன்னொரு விதத்தில் செய்தவர்களாவோம்.

கிளிக் என்னும் சீரான காலத்துடிப்பைக் காதில் கேட்காமல் இன்றைக்கு ஒலிப்பதிவு எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பல தடங்களை வெவ்வேறு நாள்களில் பதிவதற்கு ஒரு பொதுக் காலக்கணக்கு வேண்டும்தான். ஆனால் அந்தக் கணக்கை உறுமியிடமிருந்தே எடுக்கலாம். மேளக் குழுவை ஒன்றாக நிற்கவைத்து முதலில் பதிந்து, அதன் வேகம் ஏறி இறங்கும் வரைபடத்தைக் கணினியில் உருவாக்கி, மற்றவர்கள் அதற்கு வாசிக்கலாம். தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் பாதையில் காவடி எடுப்பவருக்கு அருள் ஏறும்போது மேளமும் வேகமெடுக்கிறது. அதைப் பிழையென்று திருத்தினால் அந்த இசை சொல்லவந்த செய்தியே அழிந்துவிடும்.

இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யிலேயே இதைச் சாதித்துவிட்டாரே என்பது இன்னொரு வாதம். உண்மை, அது என் கட்சிக்கே பலம் சேர்க்கிறது. நாட்டார் நடையை அவர் மேலைநாட்டு வாத்தியங்களின் வசதிக்காக நேராக்கவில்லை, அவற்றையே நடைக்கு இறங்கி வரச் செய்தார். ஆனாலும் திரைப்பாட்டில் கடைசி முடிவு இசைத்தாளை எழுதியவரிடம்தான். குழுவாக உட்கார்ந்து உறுமிக்காரரும் கிட்டார்காரரும் சமமாக விவாதித்து உருவாக்கும் தொகுப்பு வேறு வேலை.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது, பினாங்கில் அடிக்கடி கேட்பது: உறுமி வழிபாட்டுக்குரியது, அதை ராக் மேடைக்குக் கொண்டுபோவது அவமரியாதை. இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். காவடிக்கு வாசிக்கும் அழைப்பை அப்படியே எடுத்து மதுக்கூடத்தில் வாசிப்பதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் துருத்துருக்காவும் சிலியின் பழங்குடிகளான மப்புச்சே மக்களின் சடங்குகளில் ஒலிக்கும் கொம்புதான். லோஸ் ஹைவாஸ் தொகுப்பில் அது வேடிக்கைச் சத்தமாக வருவதில்லை, அதற்குரிய கனத்தோடு வருகிறது. மரியாதை எந்த மேடை என்பதைவிட எப்படி வாசிக்கிறோம் என்பதில்தான் அதிகம் தெரியும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களில் பெரிய ஸ்பீக்கர்கள் கொட்டும் திரைப்பாட்டுக்கு நடுவே பக்கத்தில் வாசிக்கும் உறுமியே கேட்காமல் போகும்போது நாம் பொறுத்துக்கொள்கிறோம். உறுமியை நடுவில் வைத்துக் கவனமாகச் செய்யப்படும் ஒரு தொகுப்பு அதைவிட எவ்விதத்தில் குறைவு?

இங்கே பினாங்கின் ஜார்ஜ்டவுனில் கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்து உறுமி மேளக் குழுவைப் பயிற்சிக்கு அழையுங்கள். முதல் சில நாள் உங்கள் வாத்தியத்தைத் தொடாமல் அவர்கள் நடையைக் கையால் தட்டி, உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாட்டு எந்த வேகத்தில் தொடங்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். பெயர்ப் பட்டியலிலும் ஊதியத்திலும் அவர்களுக்குச் சம பங்கு கொடுங்கள்.